பார்க்காமல் டிக் போடாத அக்கா

சிங்கபெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், ஓடுகிற கம்பெனி பஸ்ஸை நிறுத்தி இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பரீட்சை வைத்த ஒரே மனுஷி எங்கள் டிக்கு அக்காதான். இல்லை என்று சொல்ல ஆள் இருந்தால் வரட்டும். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான்.

காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி அது, ஒரகடம் பக்கம். அப்போதெல்லாம் அங்கே பாதி கம்பெனி, பாதி நெல் வயல். எட்டாவதோடு நின்ற எனக்கு வயருக்கு டேப் சுற்றுகிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த அக்காவுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். கார் கம்பெனிக்காரனே போதும் என்று வாங்கிக்கொள்கிற வயரைக்கூட அவள் ரிஜெக்ட் என்று ஒதுக்கிவிடுவாள். சாயங்காலம் லாரி வந்து நிற்கும், ஏற்றுவதற்குச் சரக்கு இருக்காது. சூப்பர்வைசர் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் அவளைக் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே ரிஜெக்ட் பண்ண ஒன்றும் இருக்காது என்று நினைத்தார், பாவம்.

அந்தச் சமயம் பார்த்து, வெளிநாட்டு மேனேஜரின் சம்சாரம் காப்பகத்தைப் பார்க்க வந்து, ஒரு சி.டி.யைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டோர்ஸில் தூசி தின்றுகொண்டிருந்த கம்ப்யூட்டரில் அதை ஏற்றினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பக்கம். நடக்கிறதா, டம்ளரில் குடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்கும். செய்தால் கட்டத்தில் டிக். எல்லாக் கட்டமும் நிரம்பினால் கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று கத்தி, திரையில் ஒரு சிவப்பு பலூனைப் பறக்கவிட்டு, அடுத்த பக்கத்தைத் திறக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திறக்காது.

வேறு யாராக இருந்தாலும் தாய்மார்களைக் கேட்டு டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அக்கா கண்ணால் பார்த்தால்தான் போடுவாள்.

‘படி ஏறுகிறதா?’ என்று ஒரு கேள்வி. காப்பகத்தில் படி கிடையாது. எங்கள் வீடுகளிலும் கிடையாது. உயரமான படி உள்ளது கம்பெனி பஸ் ஒன்றுதான். அது கேட்டில் எங்களையும் பிள்ளைகளையும் இறக்கிவிட்ட கையோடு அடுத்த டிரிப்புக்கு ஓடிவிடும். அதனால் ஒரு நாள் காலையில் வல்லம் வடகால் திருப்பத்திலேயே அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக ஏறச் சொன்னாள்.

“யக்கா, இது பஸ்ஸா, பள்ளிக்கூடமா? ஷிப்ட்டுக்கு லேட்டாவுது” என்றார் டிரைவர்.

“செத்த பொறுங்க அண்ணாச்சி. பஸ்ஸு எங்கயும் ஓடிறாது. பிள்ளைக ஏறுத நேரந்தான்.”

ஒரு குழந்தை ஏறாமல் டயரைத் தடவிக்கொண்டு நின்றது. அது ஏறுகிற வரைக்கும் நின்றோம். அன்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அட்டெண்டன்ஸில் லேட்.

இன்னொரு கேள்வி, ‘பனிமனிதனைக் காட்டுகிறதா?’ படத்தை நீட்டினால் பிள்ளைகள் ஒரே குரலில் பூச்சாண்டி என்றன. பார்க்காத சாமானை அதுகள் எப்படிக் காட்டும் என்று அக்காவுக்கு நியாயமாகப் பட்டது. மறுநாள் மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி, உடைத்து உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கண்ணுக்கு இரண்டு இரும்பு நட்டைப் பதித்துவிட்டாள். சித்திரை வெயிலில் அந்த மனிதர் டீ டைம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டன. அன்றைக்கு பலூனாகப் பறந்தது. காப்பகத்தில் சங்கரா மீன் வாசனை போக ஒரு வாரம் ஆயிற்று.

என் பையன் தினேஷுக்கு மட்டும் பறக்கவில்லை. ‘இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா?’ என்ற கட்டம் காலி. இரண்டரை வயதில் அவனுக்கு ‘மா’ என்கிற ஒன்றுதான் வந்தது. அதுவும் எனக்கும் தெருவில் போகிற மாட்டுக்கும் பொதுவாக.

நான் சும்மாவே பயப்படுகிறவள். கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியவள். எனக்கு ஒரு காலிக் கட்டம் கிடைத்தால் போதாதா? எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்று ஆரம்பித்து, யார் பெண் கொடுப்பார்கள் என்பது வரைக்கும் போய்விட்டேன். கூட டேப் சுற்றுகிற செல்வி, அவள் வீட்டுக்காரரும் நாலு வயதில்தான் பேசினார், இப்போது வாயை மூடுவதே இல்லை என்று தேற்றினாள். மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர், ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

கடைசியில் அக்காவிடமே போனேன்.

“யக்கா, அந்த ஒரு டிக்கப் போட்டுடேன். வூட்ல நல்லாத்தான் பேசிக்கினு கீறான்.”

“என்ன பேசுதான்?”

“மா...ங்கறான்” என்றேன்.

“நான் டிக்கு போட்டா பலூன் பறக்கும்ட்டி. ஒம் பிள்ள பேசிருவானா?”

கோபத்தில் அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைக் காப்பகத்தில் விடும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு விட்டேன்.

அடுத்த வாரம் டீ டைமில் நான் எட்டிப் பார்த்தபோது வேறொரு குழந்தைக்கு பலூன் பறந்தது. ‘பீப்’ சத்தம் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரிடம் ஓடின. முதுகைக் காட்டி உட்கார்ந்து டேப் ரீல்களை அடுக்கிக்கொண்டிருந்த தினேஷ், மற்றவர்கள் தன்னைத் தாண்டி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தான். அக்கா பலூனைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். அவன் மறுபடி வந்து உட்காரும்வரை காத்திருந்து, பின்னால் போய் நின்று, சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அடுத்த ரீலை எடுத்து வைத்தான்.

அக்கா கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, அவனுடைய பழைய பக்கத்தைத் திறந்தாள். ‘கூப்பிட்டால் திரும்புகிறதா?’ என்பதற்குத் தான் போட்டிருந்த டிக்கைத் தானே எடுத்தாள்.

“எதுத்தாப்புல நின்னு கூப்பிட்டுட்டுப் போட்டிருக்கேன். தப்பு எம்மேலதான். கோளாறு வாயில இல்லட்டி, காதுல. சனிக்கிழம லீவு போடு.”

காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் அவளும் கூட வந்தாள். ஓயாத சளியில் இரண்டு காதுக்குள்ளும் நீர் கட்டியிருக்கிறது, சின்ன ஆபரேஷனில் எடுத்துவிடலாம், இன்னும் விட்டிருந்தால் பேச்சு ரொம்பத் தள்ளிப்போயிருக்கும் என்றார் டாக்டர். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அக்கா அவரையும் விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தார்.

ஆபரேஷன் முடிந்து திரும்புகிற வழியில், பஸ் ஹாரன் சத்தத்துக்குத் தினேஷ் திடுக்கிட்டு வீறிட்டு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன். அக்கா முன்னால் போய் டிரைவரிடம் சொன்னாள், “இன்னொரு தடவ அடிங்க அண்ணாச்சி.”

சில மாதம் போயிருக்கும். நான் அவனைக் கூட்டிப்போக வந்தபோது, காப்பகத்தில் அவன் கம்ப்யூட்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மற்ற பிள்ளைகள் தினமும் கெஞ்சுகிற அதே வார்த்தைகள்தான் அவன் வாயிலிருந்து வந்தன.

“பலூன் வுடு.”

என் கால் தரையில் இல்லை. அக்கா அசையவில்லை.

“எங்க, இன்னொரு தடவ சொல்லு.”

“பலூன் வுடுக்கா” என்று அவன் கோபத்தோடு மேஜையில் அடித்தான். அவள் டிக் போட்டாள். பலூன் மேலே போய் மறைந்த பிறகும் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் திரையைத் துடைப்பதுபோல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நிச்சயமாகி அவள் ஊருக்குப் போகிற நாளில் தினேஷையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பெட்டியை ஏற்றிக்கொடுத்துவிட்டு, என் வழக்கம் போகாமல், இவன் பள்ளிக்கூடத்தில் சமாளிப்பானா, படித்து வருவானா என்று கேட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் இருந்து கையை நீட்டி அவன் கன்னத்தைத் தட்டினாள்.

“நல்லா வருவான்ட்டி.”

கண்ணால் பார்க்காமல் அவள் போட்ட ஒரே டிக் அது. கேஸை அணைத்தேனா என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அவனைப் பற்றிய பயம் மட்டும் அந்த பஸ்ஸோடு போய்விட்டது.