புழு விதானையார்

கிளிநொச்சியில் யார் எந்த இடம் என்று பதிந்து வைக்கிற விதானையார் மனிதர்களுக்கு எத்தனை பேர் இருந்தாலும், புழுக்களுக்கு ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் விவசாயக் கந்தோரின் வாச்சர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதற்கு வேலை இருக்கவில்லை.

வன்னியில் இரண்டு பேர் சந்தித்தால் முதற்கேள்வி “எவடம்?” என்பதுதான்; எந்த ஊர், எந்த இடத்து ஆள் என்று. அவர் அதைப் புழுவிடமும் கேட்பார். மழை விட்ட காலைகளில் கந்தோர் வாசலில் குந்தியிருந்து, நெளிகிற ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, “நீங்கள் எவடம்?” என்பார். பதில் அவருக்கு மட்டும் கேட்கும். சிவந்து மெலிந்தவர் என்றால் சாணமும் வைக்கோலும் மக்குகிற நிழல் தொட்டிக்கு. தடித்து நீண்டவர் என்றால் பின்வளவு மாமரத்தடிக்கு. அவருக்கு ஆழமான மண்ணும், கீழே இழுத்துப்போகச் சருகும் வேண்டுமாம். சேற்றுக்காரர் என்றால் வாய்க்கால் கரைக்கு. ஒருமுறை சேற்றுக்காரர் ஒருவரைத் தவறுதலாகத் தொட்டியில் விட்டுவிட்டு, அவரைத் தேடிப் பிடிக்க அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப விடயம்’ என்றிருந்தது.

கந்தோரில் பூச்சிக் குளிசை கொடுத்த நாளில், வயிற்றுப் புழுக்களும் அவருடைய ஆட்கள்தானே என்று சீண்டினேன்.

“அவை அத்துமீறிக் குடியேறினவை, தம்பி” என்று சொல்லிக் குளிசையை விழுங்கினார்.

பிறகு, வாகனம் நிறுத்துவதற்காகப் பின்வளவு முழுவதற்கும் கொங்கிரீட் போட உத்தரவு வந்தது. விதானையாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமரத்தடிக்காரர் ஒருவரும் தப்பமாட்டார்கள் என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். எங்கள் மேலதிகாரி பொறுமையிழந்து, எல்லாப் புழுவையும் அள்ளித் தொட்டிக்குள் போடச் சொன்னார்.

“அவையாலை தொட்டியிலை இருக்கேலாது, மேடம். அவைக்கு ஆழம் வேணும். எல்லாரையும் ஒரே இடத்திலை அடைச்சு வைச்சால் அது ஊர் இல்லை, முகாம்.”

நாங்கள் சிரிக்க வாயைத் திறந்தோம். மேடம் சிரிக்கவில்லை. அந்தக் கந்தோரில் முகாமில் இருந்திராத ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கொங்கிரீட், மாமரத்தைச் சுற்றி நாலு பாய் விரிக்கிற இடத்தை விட்டுவிட்டு நின்றது. இன்றைக்கும் மேடத்தின் வாகனம் பாதி உடம்பைத் தெரு ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. அதில் முட்டிக்கொள்ளாத சைக்கிள்காரர் அந்தப் பக்கத்தில் இல்லை.

எனக்குப் புளியங்குளத்துக்கு இடமாற்றம் வந்தபோது, விதானையார் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார்.

“அங்கை நிழல் இருக்கோ, தம்பி? ஈரம்?”

“ஓம், எல்லாம் இருக்கு” என்றேன். பொய். அங்கே தலைக்கு மேலே வெறும் தகரம், வாசலில் தார்றோட்டுப் புழுதி.

எவடம் என்று என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். போகிற இடத்தில் என்னால் இருக்க முடியுமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.