மதுரைக்கு வர இயலாமை குறித்து

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை

அன்பு மச்சான் ஹிதாயத்துல்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் இடது காலைத் தவிர அனைவரும் நலம். மதுரையில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

ஸ்கேனுக்கு ஏன் வரவில்லை என்று நேற்று போனில் நீ போட்ட சத்தத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உன் அக்கா ஷம்சாத் பக்கத்திலேயே நின்றாள். அதனால் இந்தக் கடிதம். இங்குள்ள டாக்டர் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்துவிட்டு, கால் ரத்தக் குழாயில் அடைப்பு, சிகரெட்டை விடுங்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், கெண்டைக்கால் வலிக்கும் வரை நடங்கள், வலித்தால் நில்லுங்கள், வலி போனதும் மறுபடி நடங்கள், மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள், தாமதித்தால் காலே போய்விடும் என்றார். நடப்பதையும் நிற்பதையும் ஒழுங்காகச் செய்தேன். வினையே அங்கேதான் ஆரம்பம். பள்ளிவாசலுக்குப் போகையில் இருநூறு எட்டு வைத்ததும் கால் பிடித்துக்கொள்கிறது. அந்த இடம் மிளகாய்க் கமிஷன் கடைக்காரர் வீட்டு வாசல். ஒரு மாதமாக ஐந்து வேளையும் அங்கே நின்று, வலியை மறைக்க அவர் வீட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். போன வாரம் அவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன பாய், தெனமும் வாரீய, நிக்கீய, ஒண்ணும் சொல்லாம போறீய. ஒங்க மவன் ஹாரூனுக்கு எம் மவ ஷிரினக் கேக்கத்தான இந்தத் தயக்கம்? எங்களுக்குச் சம்மதம்"னுட்டார். கால் வலின்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள சேமியா பாயசம் வந்துட்டு. சர்க்கரை உள்ள மனுஷன் ரெண்டு கிளாஸ் குடிச்சேன். ஹாரூனைக் கேட்டா அவனும் சம்மதங்கான். பதினஞ்சாம் தேதி நிச்சயம். இப்ப நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா, இத்தனை நாள் நின்னது பொண்ணு கேக்க இல்ல, கால் வலிக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோவும். அந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்? ஆகவே நிச்சயம் முடியும் வரை ஸ்கேன் பேச்சு வேண்டாம். நின்னா போயிருத வலிதான, அது என்ன செஞ்சிரும்? சிகரெட்டையும் விட்டுட்டேன், மூணு நாளாச்சு.

குழந்தை அர்ஃபாவுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், முக்கியமாக நல்ல கால்களும் தருவானாக.

அன்புடன்,
குத்புதீன்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இடது கால் சுண்டுவிரலில் செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, உன் அக்காவிடமும். இன்று சுபுஹுத் தொழுகைக்கு ஒளு செய்து காலைக் கழுவும்போது பார்த்தேன், விரல் கறுத்திருந்தது. தண்ணி பட்டதே தெரியல. இதைத் தபாலில் போடவில்லை, மச்சான். விடிந்ததும் மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். உன் வீட்டு வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கேன். டிரைவரிடம் கொடுத்தனுப்புறேன். என்னால இறங்க முடியல. பயமா இருக்கு. சீக்கிரம் வெளிய வா.