வெல்வெட்டில் தைத்த கருப்பை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம்தான். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருமகளை நர்ஸிங்கில் சேர்க்கச் சொன்னவர் நீங்கள். அவள் போன வாரம் ஒரு படத்தை என் வெட்டு மேசையில் விரித்து, "அப்பா, இதைத் துணியில தைச்சுக் குடுங்க. பத்துப் பொம்பளைங்களுக்கு விளக்கிக் கையெழுத்து வாங்கணும், மார்க் இருக்கு" என்றாள். கொம்பு வளைந்த ஆட்டுத் தலை என்று நினைத்து, கண் எங்கே வைக்க என்று கேட்டேன். "ஆடு இல்லப்பா, கருப்பை" என்றாள். மச்சான், கத்தரிக்கோல் நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. ஆனாலும் மார்க் என்கிறாளே! கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அசல் அளவு ஏழரை சென்டிமீட்டராம். "ஒரு பிள்ளையே இருக்கிற இடம், இவ்வளவுதானா?" என்றால், "விரியும்பா" என்கிறாள். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், இப்படி விரிகிற ஒன்றைக் கண்டதில்லை. மூன்று மடங்கு பெரிதாக்கி, சிவப்பு வெல்வெட்டில் பஞ்சடைத்து, கருக்குழாய் நுனிக்குக் குஞ்சம் கட்டி, சினைப்பைக்குக் கோட்டுப் பொத்தான் வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைப்பை பச்சையில இருக்கா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை நான் டிரையல் ரூமில் கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது, உங்கள் மருமகள் கடையிலேயே பெண்களைக் கூட்டிவைத்துப் பாடம் ஆரம்பித்துவிட்டாள். நடுவில் ஒரு திரைதான். வெளியே வரவும் முடியவில்லை, காதைக் கழற்றி வைக்கவும் முடியவில்லை. "மூத்திரம் வர்ற வழி வேற, மாதவிடாய் வர்ற வழி வேற" என்றாள். "மூணு பெத்தவ நான், எனக்கே தெரியாதே!" என்றது ஒரு குரல். எனக்கு வியர்த்தது, எனக்கும் தெரியாது. பிறகு ஓர் உறுப்பின் பெயரைச் சொன்னாள். எழுத என் பேனா மறுக்கிறது. "இது எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "சுகத்துக்கு மட்டும்தான்" என்றாள். நான் பெற்ற பெண்! கட்டினவனே ஆனாலும் வலித்தால் சொல்லலாம், வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்றும் சொன்னாள். கண்ணாடியில் இருந்தவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இத்தனையும் பொறுத்திருப்பேன். அப்போதுதான் உங்கள் தங்கையின் குரல்: "எனக்கு நின்னு நாலு வருஷமாச்சு. ரெண்டு மாசமா மறுபடி படுது. அது எங்கேர்ந்து வருது?"

"அம்மா! ஏம்மா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது?"

நாலு பேர் முன்னால் வீட்டு விஷயத்தைப் பேசலாமா? தடுக்கப் பாய்ந்தேன், திரை, கம்பி, நான் எல்லாம் சேர்ந்து ஒன்பது பெண்கள் நடுவில் விழுந்தோம். "இவரோட பத்தாச்சு, கையெழுத்து வாங்கிக்கோம்மா" என்றார் கைப்பை அம்மா.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து, உங்கள் மருமகளை அந்தப் படிப்பிலிருந்து விடுவித்து, உங்கள் தங்கைக்கும் நாவடக்கம் சொல்லிவிட்டுப் போகவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வாடாமல் வளர என் ஆசிகள்.

தலைநிமிர முடியாத,
உங்கள் மைத்துனன்

பி.கு.: இந்தக் கடிதம் பதினைந்து நாள் மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிட்டது. வர வேண்டாம். இதை எழுதிய மறுநாளே மகள் உங்கள் தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், நானும் போனேன். கருப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று நேற்றுத்தான் முடிவு வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டுமாம். மேலே எழுதியதை நம்ப வேண்டாம். உங்கள் தங்கைக்கு எப்பேர்ப்பட்ட மடையன் வாய்த்தான் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்றுதான் கிழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுபடியும் கேட்டேன். "பயமா இருக்குங்க" என்றாள். நீங்களும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் மச்சான். ஒன்றுமில்லை என்றால், இன்னொரு தடவை கேளுங்கள்.