துரை வீடு மாறிய விவரம்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் போன இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் பூனை துரையும் சௌக்கியம்தான், ஆனால் நம் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில்.

கோபப்படாமல் படி. நீ கிளம்பும்போது, "வேளாவேளைக்கு அவனுக்குச் சாப்பாடு வச்சிடுடா, மறந்துடாத" என்றாய். மறந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தப் பெட்டியைச் செய்தேன். உள்ளே ஒரு சிப், ஒரு சின்ன மோட்டார், பேட்டரி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூடி திறந்து தீனி தட்டில் விழும். அருமையாகத்தான் விழுந்தது. ஆனால் சிப்புக்கு நேரம் காட்ட நான் வைத்த கிரிஸ்டல் அசுர வேகத்தில் துடிக்கிற ரகம், சும்மா இருக்கும்போதும் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டு, சிப்புக்குள்ளேயே இருக்கிற நிதானமான கடிகாரத்துக்கு மாற்றினேன். எட்டில் ஒரு பங்கு வேகம். மின்சாரச் செலவைக் காட்டும் மீட்டரை வைத்தால் முள் அசையவே இல்லை, எனக்கோ தலைகால் புரியவில்லை! அந்தச் சந்தோஷத்தில், வேகம் குறைந்த சங்கதியைப் புரோகிராமில் எழுத மறந்துபோனேன். அது பாவம், பழைய கணக்கிலேயே துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. அதற்கு எட்டு மணி நேரம் என்றால் நமக்கு இரண்டரை நாளுக்கு மேல். துரை பெட்டி முன்னால் உட்கார்ந்து கத்து கத்து என்று கத்தினான். நானோ பக்கத்தில் மீட்டரைப் பார்த்தபடி, "இருடா, உனக்காகத்தானே இவ்வளவும்" என்று தட்டிக்கொடுத்தேன். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்தான் அக்கா, நீ திட்டினால்கூட அப்படி உறைக்காது. மதில் ஏறிப் போய்விட்டான்.

இப்போது பக்கத்து வீட்டு டீச்சர் மடியில் படுத்திருக்கிறான். கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புகிறான். புரோகிராமைத் திருத்திவிட்டேன், பெட்டி வேளை தவறாமல் திறக்கிறது, சாப்பிடத்தான் ஆளில்லை. உன் குரல் கேட்டாவது வருவானா தெரியவில்லை. வராவிட்டால் எந்த முகத்தோடு உன் எதிரே நிற்பேன்?

அத்தானுக்கு என் வணக்கம். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லவும்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குத் தயாராக இருக்கும் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது டீச்சர் வந்தார். அவரிடமும் கிரிஸ்டல், கடிகாரம், புரோகிராம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, நீங்க பகல் பூரா வீட்லதானே இருந்தீங்க? நீங்களே ஒரு பிடி அள்ளி வச்சிருக்கலாமே?" என்றார். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை, அக்கா. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, இதை மட்டும் படி.