ஆணி அடிக்கும் மைத்துனன் தோள்பட்டை பற்றி எழுதுவது

மைசூர், அக்ரஹாரம்

மதிப்பிற்குரிய மச்சான் இஸ்ரவேல் வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மெட்டில்டாவின் வீட்டுக்காரன் டேவிஸ் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் என் இடது தோள் நீங்கலாக அனைவரும் சுகம். சாமராஜநகரில் உங்கள் வலது தோள் நீங்கலாக அனைவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் ஆபரேஷன் என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இரண்டு வருடமாகத் தலை சீவக்கூடக் கை தூக்க முடியாமலிருந்தும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறீர்கள். நான்கு மாதத்துக்கு முன் ஆபரேஷனில் வலது தோளை மாற்றிக்கொண்டவன் நான். ஒரு சொட்டுப் பயமில்லாமல் போய்ப் படுத்தேன். இந்தக் கடிதமே அந்தக் கையால் எழுதியதுதான்.

ஆனால் சரக்கைச் சோதிக்காமல் வாங்குகிறவன் நானில்லை. கையெலும்புக்குள் கம்பி இறக்கி, அதன் தலையில் உலோகக் குண்டு வைப்பார்கள் என்று டாக்டர் கோதா சொன்னதும், சிமென்ட் போட்டா போடாமலா என்று கேள்வி வந்தது. முப்பது வருடம் ஹார்டுவேர் கடை வைத்தவனுக்கு வராதா? இறைச்சிக் கடையில் இரண்டு கால் எலும்பு வாங்கிவந்தேன். ஒன்றில் போல்ட்டைச் சிமென்ட் வைத்துப் பதித்தேன், மற்றதில் வெறுமனே இறுக்கி அடித்தேன், இரண்டிலும் பத்துப் பத்துக் கிலோ ஆணி மூட்டை கட்டிக் கடைக்குள் தொங்கவிட்டேன். இரண்டும் அசையவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துப் பூக்கடை சுலோசனா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏன் ஸார், உள்ள யாராவது போயிட்டாங்களா? மாலை கட்டவா?"

எலும்புகளைப் பேப்பரில் சுற்றி டாக்டர் கோதாவின் மேசைமேல் வைத்தேன். "இருப்பதிலேயே நீளமான, தடியான கம்பியா போட்டுச் சிமென்டை ரொப்பிடுங்க. எத்தனை ஆழமோ அத்தனை உறுதி" என்றேன். அந்தம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுச் சொன்னார்:

"இது செத்த எலும்பு ஸார், உங்களோடது உயிரோட இருக்கு! நீளமான கம்பி பாரத்தையெல்லாம் தானே வாங்கிக்கும். மேல் எலும்பு சும்மா உக்காந்திருக்கும். வேலையில்லாத எலும்பு மெலிஞ்சு கரைஞ்சிடும். சிமென்ட் கெட்டதில்லை, எலும்பு ரொம்பப் பலவீனமா இருந்தா அதுதான் கதி. உங்களுக்குக் குட்டைக் கம்பி போதும். சொரசொரன்னு இருக்கும், எலும்பே வளர்ந்து அதைப் பிடிச்சுக்கும்."

சுவர் வளர்ந்து ஆணியைப் பிடித்து நான் பார்த்ததில்லை மச்சான். ஆனாலும் சரி என்றேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் போட்டார்கள். வேலையில்லாத எலும்பு கரையும் என்றாரே என்று பயந்து, மூன்றாம் வாரமே யாருக்கும் தெரியாமல் பெயின்ட் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். வலியில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே திரும்பியது. "எலும்புக்கு வேலை குடுங்கன்னா, மூணாவது வாரமே மூட்டை தூக்க வைப்பாங்களா? எலும்பு முதல்ல பிடிக்கட்டும்" என்றார் டாக்டர். நல்லவேளை, எதுவும் நகரவில்லை. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கம்பியோடு ஒட்டியே நிற்கிறது, மெலியவில்லை. கை தோள் உயரத்துக்கு வருகிறது. வருடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ஆறு வாரமும் கடை ஷட்டரைத் தூக்கியது உங்கள் தங்கை. நான் நாற்காலியிலிருந்து யோசனை சொன்னபோது, "ஏனுங்க, வாய்க்கும் ஒரு தூளி கேட்டு வாங்கிட்டு வரட்டுங்களா?" என்றாள். இப்போது கீல், தாழ்ப்பாள் கேட்டு வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவளிடம் போகிறார்கள். முப்பது வருடமாக அந்தக் கடைக்கு நானே நீளக் கம்பியாக இருந்திருக்கிறேன். பாரத்தை நானே வாங்கிக்கொண்டு, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வேறு சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஆகவே தைரியமாக ஆபரேஷனுக்கு வாருங்கள். ஆண்டவர் உங்கள் எலும்பு ஒவ்வொன்றுக்கும் தக்க வேலை கொடுத்து ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள,
டேவிஸ்

பின்குறிப்பு: மெட்டில்டா இதைப் படித்துவிட்டு, "அண்ணனுக்கு மீதியையும் எழுதுங்க, இல்லீன்னா நானே எழுதறேன்" என்று பக்கத்தில் நிற்கிறாள். மீதி இதுதான். பயமில்லை என்றது பொய். ஆபரேஷன் அன்றைக்குச் சக்கர நாற்காலியிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி அங்கியோடு லிஃப்ட் வரைக்கும் ஓடினேன். இடது தோளும் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். தனியாகப் போக எனக்குத் துணிவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே விட்டுப்போன எக்ஸ்ரேயை டாக்டரிடம் காட்டி, அன்றைக்கே என் பக்கத்துக் கட்டிலுக்கு உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். யார் முதலில் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் எதிலும் மூத்தவர்தான் முதல் என்று சொல்லிவிட்டேன்.