கீழ்ச் சக்கரம்

வாங்கி வந்த பழைய மிஷினின் கீழ்க் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார் மலையாண்டி. ஒன்றும் அகப்படவில்லை. மேல் கதவைத் திறந்தார். அங்கே ஒரு சக்கரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நாடா ரம்பத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சக்கரம் வேண்டும். இரண்டையும் சுற்றி ரம்பப் பட்டை ஓடினால்தான் மரம் அறுபடும். இதுவே அவருக்குச் செல்போன் வீடியோ பார்த்து அன்று காலையில்தான் தெரிந்தது.

மிஷினை விற்றவர் மண்டபம் ஊரில் படகுப் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வாங்கிய அன்று அவர் ஏதோ சொல்ல வந்தபோது, "எனக்குத் தெரியாத மிஷினா?" என்று மலையாண்டி வாயை அடைத்திருந்தார். போதாததற்கு, ஊர் டீக்கடையில் மிஷின் எப்படி ஓடும் என்று ஒரு மணி நேரம் பாடம் வேறு நடத்தியிருந்தார். இனி எந்த முகத்தோடு கேட்பது?

"என்னங்க, மிஷின் ஓடலையா?" என்றாள் மனைவி உலகம்மாள்.

"புது எடம்ல. கொஞ்சம் பழகணும்."

"பழகுறதுக்கு அதென்ன மாடா? புது வீட்டுக்குக் கதவு இல்லாம ஆடு உள்ள வந்து படுத்துக்கிருது. விழுந்த வேம்பை மில்லுல அறுத்திருந்தா இந்நேரம் கதவு மாட்டிருக்கலாம். அடுத்த வெள்ளிக்குள்ள கதவு வரலைன்னா இது பழைய இரும்புக்குப் போகும்."

உலகம்மாள் சொன்னால் செய்வாள். கோழிக்குஞ்சு பொரிக்கவென்று அவர் ஆசையாக வாங்கிய பெட்டி அப்படித்தான் போனது.

மேல் சக்கரத்தின் அகலத்துக்கு ஒரு சணல் கயிற்றை வெட்டி மடியில் செருகிக்கொண்டு, மிஷினை ஏற்றி வந்த லோடு ஆட்டோ அசாருதீனைக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர். வண்டி ஓட்டுவதைவிட விசாரிப்பதில்தான் அவருக்கு ஆசை அதிகம். டீக்கடைப் பாடத்தை முன்வரிசையில் நின்று கேட்டவரும் அவர்தான்.

"என்ன சோலியாப் போறீக மாமா?"

"சும்மாதான் மாப்ள."

மண்டபத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கவில்லை. மறுநாள் ராமநாதபுரத்திலும் இல்லை. மூன்றாம் நாள் அக்காள்மடத்தில் ஒரு தச்சர் வீட்டில் ஒரு சக்கரம் இருந்தது; கயிற்றை வைத்துப் பார்த்தால் நாலு விரல் கூடுதல். மலையாண்டி வாசலில் குனிந்து அளப்பதைப் பின்னாலிருந்து அசாருதீன் பார்த்துவிட்டார்.

"கயித்த வச்சு என்னத்த அளந்தீக?"

மலையாண்டி கயிற்றை அவசரமாக மடியில் செருகினார். "பொண்ணுக்கு வரன் பாக்குறேன். வெளிய சொல்லிராத."

"வரனுக்கு எதுக்குக் கயிறு?"

"மாப்பிள்ளை வீட்டு நிலவாசல் அகலம் பாக்கணும். எங்க வழக்கம்."

இத்தனை வருடப் பழக்கத்தில் அப்படியொரு வழக்கத்தை அசாருதீன் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தாலும் நல்ல காரியம் என்று அவரும் வரிந்துகட்டி இறங்கிவிட்டார். மலையாண்டி ஒரு பட்டறைக்குள் நுழைந்து வருவதற்குள் இவர் தெருவில் நாலு வீட்டை விசாரித்து முடித்திருப்பார்.

"இங்கன ஒரு பையன் இருக்கான் மாமா. உங்க ஆளுகதான்."

"படிச்ச பையனா வேணும்."

மறுநாளே படித்த பையன் கிடைத்தான்.

"கவர்மெண்ட் வேலையா இருக்கணும்."

அதுவும் கிடைத்தது. தட்டிக்கழிக்க நினைத்த மலையாண்டி, ஒரே பிள்ளையாக, குடிக்காதவனாக, ராமநாதபுரத்துக்குள்ளேயே வேலை பார்ப்பவனாக வேண்டும் என்றார். சக்கரம் கிடைக்கவில்லை. பையன் கிடைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பழைய இரும்பு வியாபாரி தராசோடு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. வழி காட்டிக்கொண்டு முன்னால் வந்தவர் அசாருதீன். பழத்தட்டோடு இறங்கிய பையனின் அம்மா நாகலெட்சுமி உலகம்மாளைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தாள்.

"எங்க வீட்டு நிலவாசல் மூணே முக்கால் அடிங்க. அளந்துட்டுத்தான் வந்தோம். உங்க வழக்கத்துக்குச் சரியா வருமா?"

கதவில்லாத வாசலிலிருந்து ஒரு ஆடு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் மதுமதியும் வந்தாள்.

"அய்யா, யாரு இவுக?"

உலகம்மாள் புருஷனையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. மகளின் முகத்தைப் பார்த்தார். இனி ஒரு பொய்க்கும் தெம்பில்லை.

"மன்னிச்சிருங்க. வரனும் பாக்கல, வாசலும் பாக்கல. மிஷினுக்குக் கீழ்ச் சக்கரம் இல்ல. பத்து நாளா அதைத்தான் தேடுனேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நாகலெட்சுமி தட்டைக் கீழே வைக்கவா, எடுத்துக்கொண்டு போகவா என்று தெரியாமல் நின்றாள். இரும்பு வியாபாரி மிஷினைப் பார்த்து நகர்ந்தார். அசாருதீன்தான் தலையைச் சொறிந்தபடி முன்னால் வந்தார்.

"சக்கரமா மாமா? இம்புட்டு அகலத்துல, நடுவுல தொளை போட்டு?"

"ஆமா."

"மிஷின ஏத்துறப்பப் பட்டறைக்காரரு அதைக் கழட்டி, சாக்குல சுத்தி என்கிட்டதான தந்தாரு. டீக்கடையில ஒரு மணி நேரம் பேசுனீகளே, அதுல சக்கரத்தப் பத்தி ஒத்த வார்த்தை வரல. சரி, வேண்டாத சாமானாக்கும்னு சீட்டுல பஞ்சு போன எடத்துல போட்டு வச்சேன். பத்து நாளா நீங்க அதுமேலதான் உக்காந்து வாரீக."