ஒன்பதே முக்கால்

அந்தப் பேரூராட்சி அலுவலகத்தில் நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது. சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் சொல்லும். கைரேகை இயந்திரம் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் புதுவருடம் கொண்டாடும். ஊழியர்களின் செல்போன்கள் மட்டும் ஒரே நேரத்தைக் காட்டின. அவை தங்களுக்குள் பேசிவைத்திருக்கலாம் என்று சந்தேகித்து ஒதுக்கிவிட்டார்கள்.

செயல் அலுவலர் தாணுவுக்கு அப்போது பாரம்பரிய மோகம் தலைக்கேறியிருந்தது. சந்திப்பில் கருங்கல் மேடை கட்டி, சூரியக் கடிகாரம் நிறுவினார். வடக்கே சாய்ந்த கம்பி, அதன் நிழல், நிழல் விழ மணிக்கோடுகள். சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் கம்பி ஏறக்குறையப் படுத்துத்தான் கிடக்கவேண்டும் என்றார் செய்தவர். அரசாங்கக் கம்பி படுக்கலாமா என்று கவுன்சிலர்கள் கொதித்து, அதை நிமிர்த்தி வைத்தார்கள். இனி இதுவே அலுவல் நேரம் என்று ஆணையும் பிறந்தது.

ஆனி பிறந்தது, வானம் மூடிக்கொண்டது. நிழல் இல்லை, ஆகவே நேரமும் இல்லை. மேற்படி கடிகாரத்துக்கு ஒளி வழங்கும் பொருட்டுச் சந்திப்பின் உயர்கோபுர மின்விளக்கை இரவும் பகலும் எரியவிட்டார் தாணு. நிழல் ஒன்பதே முக்காலில் விழுந்தது. விளக்கு நகராததால் நிழலும் நகரவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவள் அஜிதா. தையல் கடைக்கு உரிமம் வேண்டும். ஆவணிக் கல்யாணங்களுக்குள் ஷட்டரைத் தூக்காவிட்டால், ஜாக்கெட் தைக்கச் சொன்னவர்களெல்லாம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

"சாரே, ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தாருங்க."

"பத்து மணிக்குத்தான் ஆபீசு தொடங்கும். இப்பம் ஒன்பதே முக்கால்" என்றார் தாணு.

"நேத்தும் இதத்தானே சொன்னிய!"

"நேத்தும் ஒன்பதே முக்கால்தானே. நான் மாத்திச் சொல்லமுடியுமா?"

"அப்பம் வீட்டுக்கு எப்பம் போவிய?"

"தொடங்காத வேலைய முடிக்கணும்னு எந்த விதியிலயும் இல்ல. பசிச்சா போவோம்."

ஊருக்கும் இது பிடித்துப்போனது. பேருந்துகள் தாமதமாக வருவது நின்றுபோயிற்று. ராகுகாலமே வராத ஊர் என்று ஆரல்வாய்மொழியிலிருந்தெல்லாம் வந்து கல்யாண மண்டபம் பதிவு செய்தார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம், ஆகவே அன்று நாள் முழுக்க ராகுகாலம். அன்று அரசு விடுமுறை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அஜிதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கொட்டுகிற மழையில் மேடையேறினாள். குடையால் மின்விளக்கை மறைத்து, செல்போன் டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். நிழல் நகர்ந்து பத்தில் உட்கார்ந்தது.

"சாரே! பத்தாச்சு!"

தாணு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இது சூரியன் இல்ல! டார்ச்சு!"

"அந்த லைட்டு சூரியன்னா இதுவும் சூரியந்தான். பேனாவ எடும்."

இந்த வாதத்துக்கு மறுப்பு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அலுவலகம் அலறிப்புடைத்துத் தொடங்கியது. கையெழுத்து விழுந்தது. அஜிதா டார்ச்சை அணைத்துக் குடையை விலக்கினாள். மறுபடி ஒன்பதே முக்கால். ஊழியர்கள் நிம்மதியாகச் செய்தித்தாளுக்குத் திரும்பினார்கள்.

கடை திறந்தது, கூட்டம் அலைமோதியது. நேர நிர்வாகத்துக்காகத் தாணுவுக்கு ஒரு விருது அறிவித்திருந்தார்கள். விழாவுக்குப் புதுச்சட்டை தைக்க அவர் அஜிதாவிடமே துணி கொடுத்துவிட்டு, விழாவன்று மாலை ஓடிவந்தார்.

"அஜிதா, சட்டை எங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்குத் தாறேன்னுதானே சொன்னேன்."

"இருட்டியாச்சே!"

"எனக்கு எதுக்கு சாரே வம்பு? உங்க மணியப் பாருங்க."

தாணு திரும்பிச் சந்திப்பு மேடையைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். தம் ஆணையைத் தாமே மீறமுடியாமல் கடை வாசல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் பேருந்து ஓட்டுநர், தலைமை ஆசிரியர், கல்யாணப் பெண்ணின் அம்மா என்று பாதி ஊர் நின்றது. ஒருவருக்கும் கோபமில்லை. அவரவரும் யாரிடமோ பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.